நின்றபடியே ஓடிய தூரம்

எஞ்சின் ஆயிலை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதெல்லாம் மெக்கானிக்குகள் தங்கள் வீட்டு அடுப்பு எரிவதற்காகக் கட்டிவிட்ட கதை என்று யாரோ சொன்னாராம். விமான நிலையத்தில் வாடகைக் கார்கள் வரிசையாக நிற்கும் இடத்தில், முன்னால் நின்ற வண்டிக்காரர் தன் சகலை சொன்னதாக அத்தானிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் சகலை எங்கோ வெளிநாட்டில் பத்து வருஷம் வண்டி ஓட்டியவர். அங்கெல்லாம் பதினைந்தாயிரத்துக்கு ஒருமுறைதான் மாற்றுவார்களாம். எந்த எஞ்சினும் செத்துப்போனதில்லையாம். இந்தச் சேதி அத்தானிடமிருந்து அக்காவுக்கு வந்து, அக்கா வழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் என்னிடம் வந்து சேர்ந்தது.

"நீயும் வெளிநாட்டுலதானே இருக்கே. அங்க அப்படியாடா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன். தெரியாது என்று அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அத்தானைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். என் அக்காவின் கணவர். வயது ஐம்பத்தேழு. ஒல்லியாக, உயரமாக, ஸ்டியரிங்குக்காகவே அளவெடுத்துத் தைத்தது மாதிரி இரண்டு நீளமான கைகள். இருபத்திரண்டு வருஷம் ஒரு துணி ஆலை மேலாளருக்குக் கார் ஓட்டினார். ஆலையை மூடியபோது கையில் கிடைத்த தொகையில் ஒரு பழைய டீசல் காரை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். எட்டு மணிக்கு வரச் சொன்னால் ஏழு ஐம்பதுக்கு வாசலில் நிற்பார். ஹாரன் அடிக்கமாட்டார், போன் செய்யமாட்டார். நாமாகக் கதவைத் திறந்து பார்த்தால் வண்டி நின்றுகொண்டிருக்கும். சக டிரைவர்கள் அவருக்கு 'பத்து நிமிஷம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "பத்து நிமிஷம் இருக்காரா?" என்று கேட்டால், "இப்பத்தான் போனார், பத்து நிமிஷத்துல வந்துருவார்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். கல்யாணத்துக்கு மட்டும் அரை மணி நேரம் தாமதமாக வந்தார், அன்றைக்கு வண்டி ஓட்டியது வேறு ஆள் என்று அக்கா இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

வண்டியில் எப்போதும் இரண்டு துணிகள் இருக்கும். கண்ணாடி துடைக்க ஒன்று, வண்டியின் உடம்பு துடைக்க ஒன்று. ஒருமுறை விடுமுறைக்கு வந்திருந்தபோது, உதவி செய்கிறேன் பேர்வழி என்று உடம்புத் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டேன். நான் உள்ளே போனதும் அத்தான் மறுபடி முழுக் கண்ணாடியையும் துடைத்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காலையில் பல் விளக்கும் முன் பானெட்டைத் தூக்கி, ஆயில் பார்க்கிற கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு, உருவிப் பார்ப்பார். ஒரு சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்தும் பார்ப்பார். ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் ஒரு சின்ன நோட்டில் இருக்கும். ஐயாயிரம் என்றால் ஐயாயிரம். ஐயாயிரத்து ஒன்று ஆகக்கூடாது. மாற்றிக்கொடுப்பவர் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் பட்டறை வைத்திருக்கும், தடித்த கண்ணாடி போட்ட ஒரு மெக்கானிக். எல்லாருக்கும் கண்ணாடிக்காரர்.

இப்படி இருக்கிற மனிதர் ஊரார் பேச்சை நம்பிவிடுவாரா? நம்பவில்லை. ஆனால் ஏ.சி. கம்ப்ரஸரை மாற்றிக் கை சுட்டிருந்த மாதம் அது. நம்ப ஆசை இருந்திருக்கும். அதனால் நியாயமான ஒரு வழி பார்த்தார். வண்டியோடு வந்த கையேடு ஒன்று, பிளாஸ்டிக் உறைகூடக் கசங்காமல், முன்பெட்டியில் இருந்தது. ஆங்கிலப் புத்தகம். அத்தான் தமிழ்ப் பேப்பரை வரி விளம்பரம் வரை விடாமல் படிப்பவர், ஆங்கிலத்தில் வண்டி எண்களுக்கு முன்னால் வரும் எழுத்துகள் மட்டும்தான் தெரியும். வண்டியைச் செய்தவனே எழுதிய புத்தகம் என்ன சொல்கிறதோ அதன்படி நடப்போம், அதைப் படித்துச் சொல்ல மாப்பிள்ளை இருக்கிறான் என்று முடிவு செய்தார். மாப்பிள்ளை நான்தான்.

எட்டாவது வரை தமிழிலும் அதற்கப்புறம் ஆங்கிலத்திலும் படித்தவன் நான். வீட்டுக்கு வருகிற வங்கிக் கடிதம், மருந்துச் சீட்டு, வாஷிங் மெஷின் உத்தரவாத அட்டை எல்லாம் சின்ன வயதிலிருந்தே என் கைக்குத்தான் வரும். இப்போது வேலையும் அதே மாதிரிதான். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறேன். அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று ஒன்றுக்கு மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள்.

அத்தான் ஆறு படங்கள் அனுப்பினார். ஒவ்வொரு படத்திலும் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்திருக்கும் அவருடைய கட்டைவிரல் தெரிந்தது. மதிய இடைவேளையில், அலுவலகச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து படித்தேன். மூன்றாவது படத்தில் இருந்தது. எஞ்சின் ஆயில்: பதினைந்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஒரு நல்ல சேதி சொல்லப்போகிறோம் என்கிற சந்தோஷம்.

அடுத்த பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. கடுமையான உபயோகம் என்று தலைப்பு. கீழே பொடி எழுத்தில் ஏழெட்டு வரிகள். புழுதிப் பாதை, மலைப் பாதை, இழுவை வண்டி, அதிக நேரம் நின்ற நிலையில் எஞ்சினை ஓடவிடுதல், வாடகை வாகனம். இவற்றில் எதுவானாலும் பாதித் தூரத்திலேயே மாற்றவும்.

படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது. கடுமையான உபயோகம் என்றதும் என் மனக்கண்ணில் வந்தது பாலைவனமும் பனிமலையும்தான். இரண்டு துணி வைத்துத் துடைக்கிற, பிரேக்கைக்கூட வலிக்காமல் மிதிக்கிற அத்தானுக்கும் கடுமைக்கும் என்ன சம்பந்தம்? போனில் அவரிடம் பதினைந்தாயிரம் என்றேன். வேறு ஏதாவது போட்டிருக்கிறதா என்று அவர் கேட்டார். கேட்கக்கூடிய ஆள்தான்.

"அதெல்லாம் பாலைவனத்துல ஓட்டறவங்களுக்கு அத்தான். நமக்கில்ல" என்றேன்.

"நாம தண்ணி லாரிக்குப் பின்னாடி போறவங்க" என்று சிரித்தார். நோட்டில் பதினைந்தாயிரம் என்று எழுதிக்கொண்டார். என் காருக்கு நான் எட்டாயிரத்திலேயே ஆயில் மாற்றிவிடுகிறேன். புத்தகம் எதுவும் பார்த்து அல்ல, பயத்தில். அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இனி அவருடைய வாரத்தைச் சொன்னால்தான் நடந்தது விளங்கும். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவருக்கு ஒரு நிரந்தர சவாரி. ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா. சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று முறை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரித்துக்கொள்கிறவர். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஐந்து கிலோமீட்டர். உள்ளே போனால் நாலு மணி நேரம். கூட வருகிற அவர் கணவரை அத்தான் ஸார் என்பார். எண்பது வயது. ஆஸ்பத்திரி வாடை அவருக்கு ஒத்துக்கொள்ளாது. காத்திருக்கும் கூடத்து நாற்காலியில் முதுகு நிற்காது. அதனால் நாலு மணி நேரமும் பின் சீட்டில் உட்கார்ந்து ஆங்கிலப் பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். வெயிலில் நிற்கிற வண்டியில் எண்பது வயதுக்காரரைச் சும்மா உட்கார வைக்க முடியுமா? அத்தான் எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டு வைப்பார். டீச்சரம்மா துவண்டு வெளியே வரும்போதும் வண்டி குளுகுளுவென்று இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிறதுகூடப் பரவாயில்லை, உங்க வண்டியில ஏறி உட்கார்றதுக்காகவே வரலாம் போலிருக்கு என்று அந்த அம்மா சொன்னதை அத்தான் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அவருக்குக் கிடைத்த விருது அதுதான்.

இரண்டு வருஷத்துக்கு மேலாக இது நடந்துகொண்டிருந்தது. ஐயாயிரத்தில் மாற்றிக்கொண்டிருந்த வரை ஒன்றும் ஆகவில்லை.

ஐயாயிரம் தாண்டியதும் கண்ணாடிக்காரரின் சந்து வழியாகப் போவதை அத்தான் நிறுத்தினார். பார்த்தால் கேட்பாரே என்ற கூச்சம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போவார் என்று அக்கா சொன்னாள். "கடன் வாங்கினவர் மாதிரி ஒளிஞ்சு போறாருடா" என்றாள். ஒன்பதாயிரத்தில் அத்தான் என்னைக் கூப்பிட்டார். ஆயில் கறுத்துவிட்டது, விரலில் தேய்த்தால் முன்பு மாதிரி வழுக்கவில்லை என்றார். நான் இணையத்தில் தேடிப்பார்த்து, டீசல் வண்டியில் ஆயில் கறுப்பது இயல்புதான் என்று சொன்னேன். அதுவும் பொய்யில்லை. வழுக்கவில்லை என்று அவர் சொன்னதைத்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஆயில் தொட்ட விரலைவிட என் தேடல் பெரிதாக இருந்தது, அவருக்கும் கூட. சரி மாப்ளே என்று வைத்துவிட்டார். பதினோராயிரத்தில் அளவு குறைந்ததென்று அரை லிட்டர் ஊற்றினார்.

பதின்மூன்றாயிரத்து அறுநூறில், ஒரு புதன்கிழமை பகல், ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தபோது ஆயில் விளக்கு சிவப்பாக ஒருமுறை மினுங்கி அணைந்தது. அத்தான் உடனே எஞ்சினை நிறுத்தினார். இறங்கி அளவு பார்த்தார். அளவு சரியாக இருந்தது. மறுபடி கிளப்பியபோது உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது மாதிரி டக், டக் என்று சத்தம். மூன்று தட்டு. நிறுத்திவிட்டார். பின் சீட்டில் ஸார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, என்ன, ஏ.சி. நின்னுபோச்சா என்று கேட்டாராம்.

டீச்சரம்மாவையும் ஸாரையும் வேறொரு வாடகைக் காரில் ஏற்றி அனுப்பினார். அந்த டிரைவரிடம் வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கச் சொல்லி, கண்ணாடித் துணியையும் கொடுத்துவிட்டார். எதற்குக் கொடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு கண்ணாடிக்காரருக்குப் போன் செய்தார். அவர் ஒரு வண்டியோடும் கயிறோடும் வந்து கட்டி இழுத்துப்போனார். எட்டு மாதமாக ஏன் வரவில்லை என்று வழியில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்று அத்தானுக்கு இருந்ததாம்.

பட்டறையில் எஞ்சினை இறக்கிப் பிரித்தார்கள். மேல் மூடியைக் கழற்றினால், உள்ளே ஆயில் ஆயிலாக இல்லை. ஷூ பாலீஷ் மாதிரி கெட்டியாக ஏதோ அப்பிக்கிடந்தது. கண்ணாடிக்காரர் ஸ்க்ரூடிரைவரால் வழித்துப் பார்த்தார், வழுக்காமல் சுருண்டு வந்தது. அடியில் ஆயில் தேங்கும் தொட்டியைக் கழற்றிக் கவிழ்த்தபோது, கசடோடு பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது. பேரிங் தேய்ந்து உதிர்ந்த தகடு. அதற்குள் சுழலும் கிராங்க் தண்டில் நகத்தால் தொட்டால் தெரிகிற அளவுக்குப் பள்ளம்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எத்தனை ஓடியது என்று கேட்டிருக்கிறார். அத்தான் நோட்டைக் காட்டினார். பதின்மூன்றாயிரத்து அறுநூறு. அவர் தலையை ஆட்டினார்.

"இது முப்பதாயிரம் ஓடின ஆயில்ணே. சும்மா நின்னு ஓடற ஒரு மணி நேரம், ரோட்டுல ஓடற முப்பது நாப்பது கிலோமீட்டருக்குச் சமம். மீட்டர் அதைக் காட்டாது. நீங்க எங்க நிக்கிறீங்கன்னு தெரிஞ்சுதானே நான் ஐயாயிரத்துலயே வரச் சொன்னேன்" என்றார்.

அத்தானுக்கு அதுவரை அது தெரியாது. ஏன் ஐயாயிரம் என்று அவர் கேட்டதுமில்லை, இவர் சொன்னதுமில்லை. இரண்டு பேரும் பேச்சு குறைவான ஆட்கள்.

எஞ்சினைச் சரிசெய்ய முடியாது. புது எஞ்சின் வாங்கினால் அதன் விலை வண்டியின் விலையைத் தாண்டிவிடும். பழைய எஞ்சின் ஒன்று எங்காவது உடைசல் கடையில் கிடைக்குமா என்று கண்ணாடிக்காரர் மூன்று வாரம் அலைந்தார். கிடைத்த ஒன்றும் இதைவிட மோசமாக இருந்தது. டீச்சரம்மாவுக்கு அந்தப் புதன்கிழமை ஏற்றிப்போன வண்டியே நிரந்தரமாகிவிட்டது. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, வெள்ளிக்கிழமை வந்துவிட்டதே. வேறு யார் வண்டியையாவது ஓட்டலாம் என்று அத்தான் நாலு இடத்தில் கேட்டார். முதலாளிகள் எல்லாரும் வயதைக் கேட்டார்கள். ஒருவன், பெரியவரே, உங்களுக்கு நாங்க டிரைவர் வைக்கணும் போலிருக்கே என்றானாம். அதைக்கூட வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார் என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்றும் சொன்னாள்.

இந்த மூன்று வாரத்தில் அத்தானோடு நான் ஒரே ஒருமுறைதான் பேசினேன். எஞ்சின் முடிந்துவிட்டது என்று தெரிந்த மறுநாள். கோபமாகப் பேசுவார் என்று நினைத்து, என்ன சொல்வது என்று தாளில் எழுதிவைத்துக்கொண்டு கூப்பிட்டேன். அவர் கோபப்படவில்லை. உடம்பு எப்படி, அங்கே குளிரா என்று கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"புஸ்தகம் சொன்ன கணக்கு இன்னும் ஆகலையே மாப்ளே. ஆயிரத்து நானூறு பாக்கி இருந்துச்சே. நின்னு ஓடினதும் கணக்குன்னு கண்ணாடிக்காரர் சொல்றார், அப்படின்னா புஸ்தகத்துல போட்டிருக்கணுமே. அதுதான் எனக்குப் புரியல."

எழுதிவைத்த தாள் என் கையில் இருந்தது. அதில் முதல் வரி, அடுத்த பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது அத்தான் என்பது. படிக்கவில்லை. வண்டி பழசு, முன்னாடி வைத்திருந்தவன் எப்படி ஓட்டினானோ என்று ஏதோ உளறினேன். ஆமாமா, அதுவும் இருக்கும் என்று அவரே எனக்கு எடுத்துக்கொடுத்தார். வைத்தபிறகு கொஞ்ச நேரம் தப்பித்த மாதிரி இருந்தது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அதற்கப்புறம் தினமும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சொன்னால் எஞ்சின் திரும்பி வரப்போகிறதா என்று ஒரு பக்கம். சொல்லாவிட்டால் அவர் கண்ணாடிக்காரரைச் சந்தேகப்பட்டுவிடுவாரோ என்று இன்னொரு பக்கம். அப்படி அவர் சந்தேகப்படமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருடைய சந்தேகமெல்லாம் அவர் மேலேயே இருந்தது. எங்கே தப்பு செய்தோம், ஊற்றிய அரை லிட்டர் கலப்படமா, ஏ.சி. மாற்றியபோது ஏதாவது கழன்றதா என்று அக்காவிடம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். வண்டி பட்டறையின் பின்பக்கம் எஞ்சின் இல்லாமல் நிற்கிறது. தினமும் காலையில் நடந்துபோய்த் துடைத்துவிட்டு வருகிறாராம். கண்ணாடிக்கு வேறு துணி ஏற்பாடு செய்துவிட்டாராம்.

நேற்று அக்கா கூப்பிட்டாள். சாதாரணமாக வேலை நாளில் அவள் கூப்பிடமாட்டாள். அத்தான் முந்தாநாள் ஸார் வீட்டுக்குப் போயிருக்கிறார். டீச்சரம்மாவைப் பார்த்துவர என்றுதான் கிளம்பினார். கையில் அந்தக் கையேடு இருந்தது. ஸாரிடம் கொடுத்து, ஆயில் பற்றி எழுதியிருக்கும் இடத்தை ஆரம்பத்திலிருந்து ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லும்படி கேட்டிருக்கிறார். குறுக்கெழுத்துப் போடுகிறவர், வார்த்தை வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். வாடகை வாகனம் வரை. பிறகு ஸார் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்தேனே, அதனாலயா என்று கேட்டாராம். அத்தான், இல்ல ஸார், அது பாலைவனத்துல ஓட்டறவங்களுக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

இதை அக்காவிடம் சொன்னது அத்தான் இல்லை. ஸார்தான் போன் செய்து, மனது கேட்காமல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அத்தான் நேற்று காலை வண்டியைத் துடைக்கப் போகவில்லையாம்.

"அந்தப் பக்கத்தையும் அவர் உனக்கு அனுப்பியிருந்தாராடா?" என்று அக்கா கேட்டாள்.

அனுப்பியிருந்தார் என்றேன். படித்தாயா என்றாள். படித்தேன் என்றேன். அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். சின்ன வயதில் வாய் ஓயாமல் திட்டுகிறவள். தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"அவர்கிட்ட நான் சொல்லமாட்டேன். நீயே பேசிக்கோ" என்று வைத்துவிட்டாள்.

இன்றைக்கு வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். அங்கே காலை பத்து மணி. இந்த நேரத்தில் சாதாரணமாக அவர் டீச்சரம்மாவை இறக்கிவிட்டு, நிழல் பார்த்து வண்டியை நிறுத்தியிருப்பார். இப்போது வீட்டில்தான் இருக்க வேண்டும், போன் எப்போதும் சட்டைப் பையில்தான் இருக்கும், இரண்டாவது மணியில் எடுக்கிற மனிதர். இந்த முறை தாளில் எதுவும் எழுதிவைத்துக்கொள்ளவில்லை. படித்தேன் அத்தான், படித்துவிட்டுத்தான் சொல்லாமல் விட்டேன் என்பது வரைக்கும்தான் எனக்கு வாய் வரும், அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

முதல் தடவை முழுவதும் அடித்து நின்றது. தவறிய அழைப்பைப் பார்த்தால் உடனே கூப்பிடுவார் என்று கால் மணி நேரம் காத்திருந்தேன். மறுபடி போட்டிருக்கிறேன். மணி அடிக்கிறது. நாலு. ஐந்து. ஆறு.